முயலுக்கும் கொம்பு முளைக்கும்… உங்களுக்குத் தெரியுமா?

முயல் என்றதும் என்ன ஞாபகம் வரும் உங்களுக்கு? நீளக் காது, துள்ளல் ஓட்டம், ஆமையிடம் தோற்ற கதை! அதையெல்லாம் ஓரமாக வையுங்கள். காட்டு முயல்களின் உடம்பில் நடக்கிற கூத்துகளைத் தேடித் தேடிப் பிடித்து வந்திருக்கிறோம். ஒவ்வொன்றும் அசல் சரக்கு!

தலையில் முளைக்குது பார்!

நடக்காத காரியத்தை 'முயல்கொம்பு' என்போம். இனி யோசித்துச் சொல்லுங்கள்! அமெரிக்காவில் திரியும் காட்டன்டெயில் என்ற காட்டு முயலுக்கு நிஜமாகவே கொம்பு முளைக்கிறது!

நெற்றியில் மட்டும் என்று நினைக்காதீர்கள். கன்னம், மூக்கு நுனி, இமையோரம், வாயைச் சுற்றி… கன்னங்கரேலென்று, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நீட்டிக்கொண்டு நிற்கும்!

கையால் தட்டினால் கெட்டியாக இருக்கும். உள்ளே எலும்பு? துளிகூடக் கிடையாது! முழுக்க முழுக்க கெரட்டின். உங்கள் நகமும் தலைமுடியும் அதே சரக்குதான்!

இந்த வேலையைச் செய்வது ஒரு வைரஸ். பெயர், ஷோப் பாப்பிலோமா. மனிதனுக்கு மரு வரவைக்கும் வைரஸின் ஒன்றுவிட்ட சொந்தம்!

ஒரு முயலிலிருந்து இன்னொரு முயலுக்கு இதைக் கொண்டுபோவது யார் தெரியுமா? கொசுவும் உண்ணியும்!

2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், ஃபோர்ட் காலின்ஸ் நகரத்துக்காரர்கள் இப்படிப்பட்ட முயல்களைப் படம் பிடித்துப் போட்டார்கள். உலகமே அலறியது. 'ஜாம்பி முயல்', 'பிராங்கன்ஸ்டைன் முயல்' என்று பட்டப்பெயர்கள் பறந்தன!

பயப்பட வேண்டாம். இந்த வைரஸ் மனிதனுக்கு ஒட்டாது. நாய், பூனைக்கும் ஒட்டாது. முயலோடு சரி!

இன்னும் கேளுங்கள். பல முயல்களுக்குக் கொம்பு தானாகவே உதிர்ந்துவிடுகிறது. உடம்பே வைரஸை விரட்டிவிடுகிறது. மருந்தில்லை, மருத்துவர் இல்லை!

ஆனால் வாயோரம் முளைத்தால் கதை வேறு. கண்ணெதிரே புல் இருக்கும். கடிக்க முடியாது. பட்டினியிலேயே சாகும்!

கொம்பை அரைத்த மனிதர்

1933. ரிச்சர்ட் ஷோப் என்ற விஞ்ஞானி முயல்கொம்பை எடுத்து அரைத்தார். பாக்டீரியாவே நுழைய முடியாத வடிகட்டியில் வடித்தார். நல்ல முயலின் தோலைக் கீறி அந்தச் சாற்றைத் தேய்த்தார். அந்த முயலுக்கும் வளர்ந்தது!

இதே ஷோப், அதற்கு 2 வருடம் முன்பு என்ன செய்தார் தெரியுமா? பன்றிக் காய்ச்சல் வைரஸைப் பிடித்தார். மனிதனின் ஃப்ளூ வைரஸை யாரும் பிடிப்பதற்கு முன்பே!

கொம்பு முயல்களில் சுமார் 25 சதவீதத்துக்கு அது புற்றுநோயாக மாறுகிறது. அதே வைரஸை வளர்ப்பு முயலுக்குக் கொடுத்தால்? சுமார் 75 சதவீதம்!

பாலூட்டிகளுக்கு வைரஸால் புற்றுநோய் வரும் என்பதற்கு உலகுக்குக் கிடைத்த முதல் ஆதாரம் எது? இந்த முயல்கொம்புதான்!

அதைக் காட்டியவர் ஷோப்பின் நண்பர் பெய்டன் ரௌஸ். கோழிக்குப் புற்று உண்டாக்கும் வைரஸை அவர் 1911-லேயே கண்டுபிடித்திருந்தார். நோபல் பரிசு கைக்கு வந்தது 1966-ல். காத்திருந்தது 55 வருடம். அப்போது அவருக்கு வயது 87!

பெண்களுக்கு வரும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்பிவி வைரஸ். அதைக் கண்டுபிடித்த ஹரால்ட் ட்சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல். அந்த ஹெச்பிவி-யும் முயல்கொம்பு வைரஸும் ஒரே குடும்பம்!

இன்று போடும் ஹெச்பிவி தடுப்பூசியின் தத்துவத்தை முதலில் சோதித்துப் பார்த்த பிராணிகளில் முயலும் ஒன்று. எந்த வைரஸை வைத்து? இதே கொம்பு வைரஸை வைத்து!

பத்து டாலர் கொம்பு!

450 வருடத்துக்கு முன்பே கொம்பு முயலை வரைந்து வைத்த ஓவியர் இருக்கிறார். ஆன்ட்வெர்ப் நகரத்து யோரிஸ் ஹூஃப்நாகல். பக்கத்தில் அணில், நடுவில் கொம்போடு முயல்!

அந்தக் காலத்து ஐரோப்பியப் பண்டிதர்கள் விட்டார்களா? 'கொம்பு முயல்' தனி இனம் என்று சொல்லி லத்தீனில் பெயரும் வைத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டுக் கலைக்களஞ்சியப் படத்தில்கூட அது ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது!

1930-களில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலம், டக்ளஸ் ஊர். டக்ளஸ் ஹெரிக் என்பவர் வேட்டையாடிய முயலைத் தரையில் வீசினார். அது வழுக்கிக்கொண்டு போய் மான் கொம்பு பக்கத்தில் நின்றது. இரண்டையும் சேர்த்துப் பாடம் செய்துவிட்டார். பிறந்தது 'ஜாக்கலோப்'!

உள்ளூர் ஓட்டல்காரர் அதை விலைக்கு வாங்கி மாட்டினார். கொடுத்த விலை 10 டாலர். 1977-ல் அதையும் ஒருவர் திருடிக்கொண்டு போய்விட்டார்!

அந்த ஊரில் ஜாக்கலோப் வேட்டைக்கு லைசென்ஸ் தருகிறார்கள். வேட்டையாட அனுமதித்த நாள், ஜூன் 31. காலண்டரைப் புரட்டிப் பாருங்கள்!

ஸ்வீடனின் சுண்ட்ஸ்வால் ஊர் அருங்காட்சியகத்தில் இன்னொரு கோமாளித்தனம். முன்பாதி முயல், பின்பாதி காட்டுக்கோழி! பாடம் செய்து ஒட்டியது 1918-ல்!

பல்லா அது, ஈட்டியா?

முயலுக்கு 28 பல். அத்தனையும் சாகிறவரை வளர்ந்துகொண்டே இருக்கும்!

முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். வருடத்துக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல்!

மேலும் கீழும் உரசித் தேய்வதால்தான் அளவோடு நிற்கிறது. தாடை ஒரு பக்கம் கோணினால் போச்சு. தேய்க்க ஆளில்லாத பல் யானைத் தந்தம்போல் வெளியே வளையும்!

கீழ்ப்பல் மூக்கை நோக்கி மேலே ஏறும். மேல்பல்? உள்பக்கமாகச் சுருண்டு சுருண்டு, வாயின் மேலண்ணத்தையே குத்தும்!

வளர்ப்பு முயல்களில் இது சகஜம். காட்டில் மிக அபூர்வம். ஏன்? கோணல் பல்லோடு காட்டில் ரொம்ப நாள் பிழைக்க முடியாது!

மேல் முன்பல்லுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். ஆணி மாதிரி இன்னொரு ஜோடிப் பல் ஒளிந்திருக்கும்! எலிக்கு அது கிடையாது. 'முயல் எலி வகை அல்ல' என்று 1912-ல் தனி வரிசைக்குத் தூக்கிப் போட்டார்கள்!

முயல் தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்னும். பின்புறத்திலிருந்து நேராக வாய்க்கு! பல் கெட்டாலோ முதுகு அடிபட்டாலோ குனிய முடியாது. சத்தெல்லாம் வீண்!

சிங்க முகம்!

மிக்ஸோமடோசிஸ் என்ற நோய் வந்த முயலைப் பார்த்தால் அடையாளமே தெரியாது. இமை வீங்கிக் கண் மூடிவிடும். சீழ் வடியும். மூக்கு, உதடு, காதடி எல்லாம் உப்பிக்கொள்ளும். மருத்துவர்கள் வைத்த பெயர், 'சிங்க முகம்'!

இதை முதலில் கவனித்தவர் சனரெல்லி என்ற விஞ்ஞானி. ஊர், உருகுவே நாட்டின் மான்டிவிடியோ. வருடம், 1896. ஆய்வுக்கூட முயல்கள் ஒன்றுவிடாமல் சுருண்டன!

தென் அமெரிக்கக் காட்டு முயலுக்கு இந்த வைரஸ் தருவது ஒரு சின்னக் கட்டி மட்டுமே. ஐரோப்பிய முயலுக்கோ மரணம். ஒரே வைரஸ்தான்!

1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் இங்கிலாந்திலிருந்து சுமார் 2 டஜன் முயல்களை ஆஸ்திரேலியாவுக்கு வரவழைத்தார். வேட்டை ஆசை! 1950-ல் அங்கிருந்த முயல்கள் எத்தனை? சுமார் 60 கோடி!

முயல் வராமல் தடுக்க மேற்கு ஆஸ்திரேலியாவில் வேலி போட்டார்கள். ஒரே வேலியின் நீளம் 1,800 கிலோமீட்டருக்கும் மேல். 1907-ல் கட்டி முடித்தார்கள். அதற்குள் முயல் அந்தப் பக்கம் போயாச்சு!

கடைசியில் 1950-ல், சிங்க முகம் தரும் அந்த மிக்ஸோமா வைரஸை ஆஸ்திரேலியாவில் அவிழ்த்துவிட்டார்கள். ஆரம்பத்தில் தொற்றிய முயல்களில் செத்தவை எவ்வளவு? 99.8 சதவீதம்!

அதே சமயம் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் பரவ, 'முயல் வைரஸ்தான்!' என்று ஜனங்கள் கொதித்தார்கள். 1951-ல் மூன்று விஞ்ஞானிகள் அந்த வைரஸைத் தங்கள் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொண்டார்கள். மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை!

அந்த மூவரில் மெக்ஃபார்லேன் பர்னெட் 1960-ல் நோபல் வாங்கினார். ஃபிராங்க் ஃபென்னர் 1980-ல் உலக சுகாதார சபையில் நின்று 'பெரியம்மை ஒழிந்தது' என்று அறிவித்தார்!

பிரான்சில் ஒரே ஒரு டாக்டர் போதும்! 1952 ஜூன் 14. அர்மான்-தெலீல் என்பவர் தன் தோட்டத்து முயல்களை ஒழிக்க இரண்டே இரண்டு முயலுக்கு இந்த வைரஸை ஊசி போட்டார். 1954 முடிவதற்குள் நாட்டின் காட்டு முயல்களில் சுமார் 90 சதவீதம் காலி!

கோர்ட் அவருக்கு 5,000 பிராங்க் அபராதம் போட்டது. அடுத்த வருடமே பதக்கம் கொடுத்துப் பாராட்டினார்கள். ஒரு பக்கம் அவர் முகம். மறுபக்கம் செத்த முயல்!

1953-ல் நோய் பிரிட்டனுக்குத் தாவியது. நோயாளி முயலைப் பிடித்து அடுத்த வளைக்குள் போட்டுப் பரப்பினார்கள் சிலர். அது குற்றம் என்று 1954-ல் சட்டமே போட வேண்டியதாயிற்று!

ஆஸ்திரேலியாவில் பரப்பியது கொசு. பிரிட்டனில்? வளைக்குள் ஒளிந்திருக்கும் தெள்ளுப்பூச்சி!

முயல் கண் வீங்கினால் பட்டாம்பூச்சி சாகுமா? செத்தது! முயல் மேயாததால் புல் உயர்ந்தது. வெயில் படாத தரையை விட்டு ஒரு வகை எறும்பு போனது. அந்த எறும்புப் புற்றில் வளரும் 'லார்ஜ் ப்ளூ' பட்டாம்பூச்சி 1979-ல் பிரிட்டனிலிருந்தே மறைந்தது!

பிறகு ஸ்வீடனிலிருந்து பட்டாம்பூச்சியை இறக்குமதி செய்து விட்டார்கள் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள்!

2019-ல் அருங்காட்சியக முயல்களின் டிஎன்ஏ-வைத் தோண்டிப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியா, பிரான்ஸ், பிரிட்டன். மூன்று நாட்டு முயல்களும் ஒரே மாதிரி மரபணு மாற்றத்தால் வைரஸைச் சமாளித்திருக்கின்றன. சோதித்ததில் ஒரு முயல் யாருடையது தெரியுமா? சார்லஸ் டார்வினுடையது!

முயலோடு முடிந்ததா? இல்லை. 2018-ல் ஸ்பெயினில் இந்த வைரஸ் உருமாறி, வளை தோண்டாத வேறு இனமான ஐபீரியக் குழிமுயலுக்கும் தாவியது. அதுவரை அந்த இனத்தை அது பெரிதாகத் தொட்டதே இல்லை!

தோலுக்குள் குடித்தனம்

அமெரிக்கக் காட்டு முயலின் கழுத்தில் ஒரு புடைப்பு. நடுவில் ஒரு ஓட்டை. உற்றுப் பார்த்தால் ஓட்டைக்குள் ஏதோ அசையும். ஈயின் புழு!

க்யூட்டெரெப்ரா என்ற அந்த ஈ, முயலின் மேல் முட்டையிடுவதே இல்லை. முயல் நடமாடும் பாதையில் இட்டுவைக்கும். புழு மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ நுழைந்து, உடம்புக்குள் பயணம் செய்து, தோலடிக்கு வந்து சேரும்!

ஓட்டை எதற்கு? சுவாசிக்க! ஆனால் வெளியே நீட்டுவது மூக்கை அல்ல. புழு சுவாசிப்பது பின்பக்கத்தால்!

சில வாரம் தின்று கொழுத்ததும் வெளியே விழுந்து மண்ணுக்குள் போய்விடும். பெரும்பாலும் முயல் பிழைத்துக்கொள்ளும். புண்ணும் ஆறிவிடும்!

வளர்ந்த ஈ எதையும் தின்பதில்லை. அதற்கு வேலை செய்யும் வாயே கிடையாது!

சில முயல்களுக்குத் தாடையிலோ தொடையிலோ பெரிய பை தொங்கும். கிழித்தால் தெளிந்த நீர். உள்சுவரில் வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாடாப்புழுவின் தலை!

அந்த முயலை நாயோ நரியோ தின்றால் போதும். அத்தனை தலையும் அத்தனை புழுவாக வளரக் காத்திருக்கிறது!

1932-ல் இன்னொரு முயல் கட்டியைக் கண்டுபிடித்தார்கள். காலில் வழவழவென்று உருளும் ஃபைப்ரோமா. கண்டுபிடித்தவர்? அதே ஷோப்! அந்தக் கட்டியின் வைரஸையே பிற்பாடு மிக்ஸோமடோசிஸுக்குத் தடுப்பூசியாகப் போட்டார்கள்!

முயலுக்கும் மேகநோய் உண்டு! மூக்கிலும் பிறப்புறுப்பிலும் பொருக்குத் தட்டும். மனிதனின் சிபிலிஸ் கிருமிக்கு நெருங்கிய உறவு. ஆனால் நமக்கு ஒட்டாது!

மூன்றே கால்!

'நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்' என்று அடம்பிடிப்பவர் நிஜமாகவே சரியாக இருக்கலாம்! சுருக்குக் கண்ணியில் காலை இழந்து, புண் ஆறி, மூன்று காலில் ஓடுகிற காட்டு முயல்கள் உண்டு!

பூனையின் எலும்புக்கூடு அதன் எடையில் 12-13 சதவீதம். முயலுக்கு? வெறும் 7-8 சதவீதம். அவ்வளவு லேசு!

அந்த எலும்பை உடைக்க எதிரி தேவையில்லை. பிடித்தவர் கையில் திமிறிப் பின்னங்காலால் ஓங்கி உதைத்தாலே போதும். முயலின் முதுகெலும்பு தானே முறியும்!

அமெரிக்காவில் காட்டன்டெயில் குட்டிகளின் பெரிய எதிரிகளில் ஒன்று எது? வீட்டுப் புல்வெட்டும் எந்திரம்! தாய், புல்தரையில் சின்னப் பள்ளம் தோண்டித்தான் குட்டிகளை மறைக்கிறது. மேலே புல்லும் முடியும் மூடியிருக்கும். எந்திரம் தள்ளுபவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது!

அடிபட்ட முயல் பெரும்பாலும் கத்தாது, நொண்டுவதைக்கூட முடிந்தவரை மறைக்கும். வலியைக் காட்டினால் நரிக்குச் சாப்பாடு! ஆனால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். 2012-ல் அதைப் படிக்க அளவுகோலே வகுத்தார்கள். கண், கன்னம், மூக்குத் துளை, மீசை, காது… மொத்தம் 5 அடையாளம்!

ஒரு கண் போன முயல் ஒழிந்தது என்று நினைத்தீர்களா? முயலின் ஒரே கண் சுமார் 190 டிகிரி பார்க்கும். உங்கள் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்ப்பதே கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

காது படும் பாடு

காதுக்குள் ஒரு வகைச் சிற்றுண்ணி புகுந்தால் பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காகப் பொருக்குக் கட்டும். காதுத் துளையே அடைபட்டுப் போகும்!

ஐரோப்பாவில் வசந்தம் வந்தால் குழிமுயல்கள் எழுந்து நின்று குத்துச்சண்டை போடும். முடி பறக்கும், காது கிழியும். இரண்டு ஆண்கள் என்றுதானே நினைத்தீர்கள்? பெரும்பாலும் பெண், துரத்தி வரும் ஆணைக் குத்துகிறது!

மூன்று முயல். மொத்தமே மூன்று காது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு காது! குழப்பமா? முக்கோணமாகக் காதுகளைப் பங்கிட்டு வரைந்த சித்திரம் அது. சீனாவின் துன்ஹுவாங் குகைகளில் 1,400 வருடத்துக்கு முன்பே இருக்கிறது. இங்கிலாந்தின் டெவன் தேவாலயக் கூரைகளிலும் இருக்கிறது!

நம்ம ஊர் முயல்

தமிழ்நாட்டுக் காட்டில் நீங்கள் பார்க்கிற முயலுக்கு வளை கிடையாது! கருங்கழுத்து முயல் என்ற குழிமுயல் அது. புல்மறைவில் படுக்கும்!

ஐரோப்பிய முயல் குட்டி பிறக்கும்போது முடியில்லை, கண் திறக்காது. நம்மூர்க் குட்டி? உடம்பெல்லாம் முடி, இரண்டு கண்ணும் திறந்தபடியே பிறக்கும்!

அடிபட்ட காட்டு முயலைத் தூக்கி வந்து வீட்டில் வளர்க்கலாமா? கூடாது! வேட்டைக்கும் தடை. 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும். வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்!

தலைகீழ் நடை!

கடைசியாக ஒரு வளர்ப்பு முயல். விட மனசில்லை! பிரான்சில் 1935-ல் கண்டுபிடித்த 'அல்ஃபோர்' வகை முயல் துள்ளவே துள்ளாது. வேகமாகப் போக வேண்டுமென்றால் பின்னங்கால் இரண்டையும் ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு, முன்னங்கால் இரண்டால் நடந்து போகும். சர்க்கஸ்காரர் கைகளை ஊன்றி நடப்பாரே, அச்சு அசல் அப்படியே!

கண்ணிலும் கோளாறு. இந்த வகை முயல்களுக்குப் பார்வையும் சரியாக இருக்காது!

86 வருடம் கழித்து, 2021-ல்தான் காரணம் பிடிபட்டது. தண்டுவட நரம்புகளைக் கட்டுப்படுத்தும் 'ஆர்ஓஆர்பி' என்ற மரபணுவில் பிழை. முயலின் டிஎன்ஏ-வில் சுமார் 270 கோடி எழுத்து. அதில் மாறியிருந்தது எத்தனை? ஒன்றே ஒன்று!